நாற்கரச் சாலை: சொல்லும் பொருளும்

‘நாற்கரச் சாலையில் லாரி கவிழ்ந்தது’ என்று தென் மாவட்டச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். பெரும்பாலும் அது மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் நான்கு வழிச் சாலையாக இருக்கும். அந்தச் சாலை எந்த நாற்கரத்திலும் இல்லை.

நாற்கரம் (நால் + கரம்) வடிவியல் சொல். நான்கு பக்கங்களால் அடைபட்ட உருவத்தைக் குறிப்பது. சதுரமும் செவ்வகமும் சரிவகமும் அதன் வகைகள். கரம் என்றால் கை, வடமொழி வழியாக வந்த சொல். ‘வலக்கைப் பக்கம், இடக்கைப் பக்கம்’ என்று கையைக் கொண்டே பக்கத்தைச் சுட்டுகிறவர்கள் நாம். ஆகவே உருவத்தின் பக்கத்தைக் கரம் என்பது நன்றாகவே பொருந்துகிறது.

பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இருந்த இந்தச் சொல்லைச் சாலைக்குக் கொண்டுவந்தது, நான்கு பெருநகரங்களை நெடுஞ்சாலைகளால் இணைக்கும் வாஜ்பாய் அரசின் திட்டம். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களையும் வரைபடத்தில் கோடிட்டு இணைத்தால் ஒரு நாற்கரம் கிடைக்கும். 1999 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இத்திட்டத்தின் மொத்த நீளம் 5,846 கி.மீ. மிக நீண்ட பக்கமான கொல்கத்தா–சென்னை மட்டும் 1,684 கி.மீ. தமிழில் இதைத் ‘தங்க நாற்கரச் சாலை’ என்றார்கள். பிழையே இல்லாத, அழகான பெயர்.

குழப்பம் பெயரில் இல்லை, காலத்தில் இருக்கிறது. நாற்கரத்தின் சாலைகள் நான்கு தடங்களாக அகலப்படுத்தப்பட்ட அதே ஆண்டுகளில் மற்ற நெடுஞ்சாலைகளும் அப்படியே அகலமாயின. சாலையில் போகிறவர் வரைபடத்தையா பார்க்கிறார்? நடுவில் அரளி நட்ட தடுப்பு, இந்தப் பக்கம் இரண்டு தடம், அந்தப் பக்கம் இரண்டு தடம். ‘நாற்’ என்பது இந்த நான்கைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டது இயல்பு. ஆனால் எழுதுகிறவர்கள் அதைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் உண்மையான நாற்கரம் இரண்டு துண்டுகள்தாம். ஒன்று, சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே ஏறுவது. மற்றொன்று, காஞ்சிபுரம், வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு செல்வது. சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி எல்லாம் ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் வடக்கு–தெற்குப் பெருந்தடத்தைச் சேர்ந்தவை. இன்னொன்றையும் பாருங்கள்: நாற்கரத்தில் அடங்கிய கிருஷ்ணகிரி–வாலாஜாபேட்டைச் சாலை பிறகு ஆறு தடமாக விரிவாக்கப்பட்டது. நாற்கரம் என்றால் நான்கு தடம் என்று கொண்டால் அதை என்னவென்று அழைப்பது? சென்னை–சேலம் திட்டம் வந்தபோது நாளிதழ்கள் ‘எட்டு வழிச் சாலை’ என்றுதான் எழுதின. ‘எண்கரச் சாலை’ என்று எழுதவில்லை.

அப்படியானால் சரியான சொல் எது? ‘நான்கு வழிச் சாலை’ பரவலாக இருக்கிறது, தவறும் இல்லை. ஆயினும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ‘ஒருவழிச் சாலை’ என்னும்போது வழி என்பது வண்டி போகும் திசை. ‘நான்கு வழி’ என்னும்போது அதுவே வண்டி போகும் பட்டை. ‘இருவழிச் சாலை’ என்றால் இரண்டில் எதுவென்று தெரியாது. ‘தடம்’ இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. வண்டித்தடம், ஒற்றையடித்தடம் என்று ஊர்ப்புறத்தில் உயிரோடு இருக்கும் சொல் அது. ஒரு வண்டி ஓடும் அகலம், இன்றைய நெடுஞ்சாலைக் கணக்கில் 3.5 மீட்டர், ஒரு தடம். நான்கு தடச் சாலை, ஆறு தடச் சாலை என்று எண்ணை மாற்றினால் போதும். திசையைச் சொல்ல ‘வழி’ இருக்கிறது.