திரைநேரம்: ஒரு சொல், இரண்டு பக்கம்

ஞாயிற்றுக்கிழமை பல் விளக்குவதற்கு முன்பே போன் கணக்கு ஒப்புவித்துவிடுகிறது. போன வாரம் என் ‘ஸ்கிரீன் டைம்’ நாளுக்குச் சராசரி 5 மணித்தியாலம் 12 நிமிடம். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருப்பது நாலாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ஜன்னலோரக் கதிரை அம்மம்மாவுடையது. “கண்ணுக்கு முன்னால இவ்வளவு பெரிய கடல் கிடக்கு. நீ உந்தக் கண்ணாடித் துண்டைத் தடவிக்கொண்டு கிடக்கிறாய், பிள்ளை” என்றார்.

அவர் காட்டிய அலைக்கும் நான் தடவிய கண்ணாடிக்கும் தமிழில் ஒரே பெயர், திரை. ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்று ஔவையார் சொன்னது அலைகடலைத்தான். நரை, திரை, மூப்பு என்று அடுக்கும்போது அதே சொல் தோல் சுருக்கம். துணித்திரையும் அதே சொல்தான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மேடைத் திரைக்குப் பெயர் எழினி. ஒரு பக்கமிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரு பக்கமிருந்தும் வந்து சேர்வது பொருமுக எழினி, மேலேயிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்றைக்கு எழினி பெண் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராகிவிட்டது. புழக்கத்தில் நின்றது திரைதான்.

ஆங்கில ‘ஸ்கிரீன்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. கணப்பின் சூடு முகத்தில் அடிக்காமலிருக்க முன்னால் வைக்கும் தட்டிதான் அதன் தொடக்கப் பொருள். பிறகு எதையும் மறைக்கிற தடுப்பு; பிறகு கரியையும் மணலையும் சலிக்கிற சல்லடை. ஆஸ்பத்திரியில் நோய் இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்க்கும் ‘ஸ்கிரீனிங்’ அந்தச் சலிப்பின் வழியில் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் படவிளக்கின் ஒளி விழும் துணிக்கும் இதே பெயரை வைத்தார்கள். மறைப்பதற்கென்று பிறந்த சொல் காட்டுகிற பொருளுக்குப் பெயரானது அப்படித்தான்.

நம்முடைய திரையும் மறைக்க வந்ததுதான். பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் திரை விலகும் வரை காத்து நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

‘ஸ்கிரீன் டைம்’ என்ற கூட்டுச் சொல்லின் கதை இன்னும் வேடிக்கை. முதலில் அது சினிமாக்காரர்களின் பேச்சு. ஒரு நடிகர் படத்தில் எத்தனை நிமிடம் தெரிகிறார் என்பது அவருடைய ஸ்கிரீன் டைம். பிள்ளைகள் ரீவி முன்னால் இருக்கும் நேரத்தைப் பெற்றோர் கணக்குப் பார்க்கத் தொடங்கிய பிறகு சொல் ஆளை மாற்றிக்கொண்டது. திரைக்குள் இருந்தவரை விட்டுவிட்டு, திரைக்கு எதிரே இருப்பவரைப் பிடித்தது. 2018இல் ஐபோன் இதே பெயரில் கணக்கெடுக்கத் தொடங்கியது. அண்ட்ரொயிட்டும் அதே ஆண்டு வேறு பெயரில் செய்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘திரைநேரம்’ போதும். சேர்த்தே எழுதலாம், நடுவில் ஒற்று வராது. ‘திரைப் பயன்பாட்டு நேரம்’ என்று நீட்டுவது விண்ணப்பப் படிவத்துக்குப் பொருந்தும், வாய்க்குப் பொருந்தாது. எனக்கு ‘திரைப்பொழுது’ மேலும் ஒட்டுகிறது. நேரத்தை நிமிடமாக வெட்டலாம், பொழுது போனால் போனதுதான். ‘பொழுதுபட்டுது’ என்றால் சூரியன் விழுந்துவிட்டது என்று அர்த்தம். பழைய இலக்கணத்தில் நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் 10 நாழிகை, அதாவது 4 மணித்தியாலம். என் சராசரியைப் போட்டுப் பார்த்தேன். சரியாக 13 நாழிகை. ஒரு சிறுபொழுதை முழுதாய் விழுங்கி, அடுத்ததிலும் கை வைத்திருக்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கு எதை எண்ணுகிறது என்பதில் எனக்குக் குறை உண்டு. சனிக்கிழமை லண்டனில் இருக்கும் அக்காவோடு வீடியோவில் 48 நிமிடம் பேசினேன், அது திரைநேரம். 100ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டை வரைக்கும் யாரோ சமைப்பதை ஒலி இல்லாமல் பார்த்துக்கொண்டு போனதும் அதே தலைப்பில்தான். வீட்டில் காலை முதல் இரவு வரை பாடும் ரேடியோவுக்கோ கணக்கே கிடையாது, அதற்குத் திரை இல்லையே. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனபோது என் திரைநேரம் நன்றாகக் குறைந்தது. அதை ஒழுக்கம் என்று யாரும் பாராட்டவில்லை, பற்றரி இல்லை, அவ்வளவுதான்.

இந்தச் சொல்லை அம்மம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். “திரைநேரம் அஞ்சு மணித்தியாலம், அம்மம்மா.”

“அவ்வளவு நீளப் படமோ? ஆர் நடிக்கினம்?” என்று கேட்டார்.