கால்களை நீட்டி எடுத்த எக்ஸ்ரேயில் மறையும் இடுப்புத் தளர்வு

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர், ராட்வீலர் வளர்ப்பவர்கள் பலரும் கையில் ஒரு எக்ஸ்ரே படத்தோடு வருவார்கள். “இடுப்பு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க டாக்டர், ஆனா குட்டி எழுந்திருக்கவே சிரமப்படுது” என்பார்கள். பல நேரங்களில் படத்தில் பிழை இருக்காது. அது எந்த நிலையில் எடுக்கப்பட்டது, நாய் மயக்கத்தில் இருந்ததா என்பதுதான் கேள்வி.

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கிறது. ஹிப் டிஸ்பிளேசியா, அதாவது இந்தப் பந்தும் கிண்ணமும் சரியாகப் பொருந்தாமல் வளரும் கோளாறு, வரும் குட்டிகளும் பிறக்கும்போது ஏறக்குறைய இயல்பான மூட்டோடுதான் பிறக்கின்றன. அடுத்த சில வாரங்களில் மூட்டு தளர்கிறது. ஒவ்வொரு அடியிலும் பந்து வெளியே நழுவி கிண்ணத்தின் விளிம்பில் மோதுகிறது. விளிம்பு தேய்ந்து கிண்ணம் ஆழமில்லாமல் போகிறது, பிறகு எலும்பு முளைகள் வளர்கின்றன. முளைகளை எந்தப் படமும் காட்டிவிடும், ஆனால் அப்போது காலம் கடந்திருக்கும். தேய்மானத்துக்கு முந்திய தளர்வைப் பிடிப்பதுதான் நம் வேலை.

வழக்கமான படத்துக்கு நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று இணையாகப் பின்னால் இழுத்து, முழங்கால்களை உள்நோக்கித் திருப்புவோம். முழங்கால் சில்லு தொடை எலும்பின் நடுவில் தெரிய வேண்டும். இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் உள்ள இரு துளைகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று சிறுத்தும் மற்றது பெருத்தும் தெரிந்தால் உடல் ஒருக்களித்திருக்கிறது என்று பொருள். அப்போது ஒரு பக்கக் கிண்ணம் உள்ளதைவிட ஆழமாகவும் மற்றது ஆழமின்றியும் தோன்றும். அந்தப் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, மீண்டும் எடுக்க வேண்டும்.

சரியாக எடுத்த படத்தில் நார்பர்க் கோணத்தை அளக்கலாம். இரு பந்துகளின் மையங்களையும் ஒரு கோட்டால் இணைத்து, ஒவ்வொரு மையத்திலிருந்தும் கிண்ணத்தின் முன்விளிம்புக்கு இன்னொரு கோடு வரைந்தால் வரும் கோணம் அது. 105 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான அளவுகோல். பந்தில் பாதியாவது கிண்ணத்துக்குள் இருக்கிறதா என்பதையும் பார்ப்போம்.

சிக்கல் அந்த நிலையிலேயே இருக்கிறது. காலைப் பின்னால் நீட்டும்போது மூட்டைச் சுற்றியுள்ள உறையின் நார்கள், துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்கின்றன. அந்த முறுக்கு பந்தைக் கிண்ணத்துக்குள் தள்ளிவிடுகிறது. நிற்கும்போதும் நடக்கும்போதும் நழுவுகிற பந்து, படத்தில் ஒழுங்காக அமர்ந்திருப்பதாகத் தெரியும். நாய் விழித்திருந்தால் தசைகளின் இறுக்கமும் சேர்ந்து தளர்வை இன்னும் மறைக்கும். ஆகவே தளர்வைத் தேடும் எக்ஸ்ரேக்கு ஆழ்ந்த மயக்கம் தேவை. “சும்மா ஒரு படம்தானே, மயக்கம் எதுக்கு?” என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். மயக்கம் கொடுத்தால் நாயை யாரும் கையால் பிடித்துக்கொண்டு கதிர்வீச்சு வாங்கவும் வேண்டியதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவர் கெயில் ஸ்மித் உருவாக்கிய முறை பென்ஹிப். 16 வார வயதிலிருந்தே செய்யலாம். மூன்று படங்கள் எடுப்பார்கள். ஒன்று, கால்களை நீட்டிய பழைய படம். மற்ற இரண்டிலும் கால்கள் நாய் நிற்கும்போது இருக்கும் இயல்பான கோணத்தில் இருக்கும். ஒன்றில் பந்துகளைக் கிண்ணத்துக்குள் அழுத்தி எடுப்பார்கள். இன்னொன்றில் தொடைகளுக்கு இடையே இரு தண்டுகள் கொண்ட ஒரு கருவியை வைத்து முழங்கால்களை உட்பக்கமாக மெல்ல நெருக்குவார்கள். கருவி நெம்புகோல்போல வேலை செய்து பந்துகளை வெளியே தள்ளும்.

பந்தின் மையம் கிண்ணத்தின் மையத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதைப் பந்தின் ஆரத்தால் வகுத்தால் வருவது டிஸ்ட்ராக்‌ஷன் இன்டெக்ஸ். ஆரம் 10 மி.மீ., விலகல் 6 மி.மீ. என்றால் 0.6. நாய் பெரிதோ சிறிதோ, ஒரே அளவுகோலில் ஒப்பிடலாம். 0.3க்குக் கீழே இருந்தால் பிற்காலத் தேய்மானத்துக்கான வாய்ப்பு மிகக் குறைவு. எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். ஆனால் 0.5 என்றால் நாய் நொண்டியே தீரும் என்று பொருளல்ல. சில நேரம் இழுக்கும்போது மூட்டுக்குள் வாயுக் குமிழி உருவாகி, எண் உள்ளதைவிடக் கூடிவிடும். அந்தப் படத்தைத் தள்ளிவிட்டு, ஒரு நாளாவது கழித்து மீண்டும் எடுக்க வேண்டும்.

இந்த முறைக்குப் பயிற்சியும் கருவியும் வேண்டும், எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் அதே மயக்கத்தில் ஆர்ட்டோலானி சோதனையை எந்தக் கால்நடை மருத்துவரும் செய்யலாம். முழங்காலைப் பிடித்துத் தொடை எலும்பின் வழியாக முதுகை நோக்கி அழுத்தினால் தளர்ந்த பந்து நழுவும். அழுத்தத்தை விடாமல் காலை மெல்ல வெளிப்பக்கம் விரித்தால், அது திரும்ப உள்ளே விழும் ‘டக்’ என்ற உணர்வு விரலுக்குத் தெரியும். வயதான நாயில் இந்த ‘டக்’ இல்லாததை நற்செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உறை தடித்து விளிம்பு தேய்ந்துபோனாலும் அது மறைந்துவிடும்.

வயது முக்கியம். இடுப்பெலும்பின் அடிப்பகுதி இணைப்பை முன்கூட்டியே மூடும் சிறு அறுவை சிகிச்சை 12 முதல் 20 வாரத்துக்குள் செய்தால்தான் பலன் தரும். நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேக்களை மதிப்பிட்டுச் சான்று தரும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு இறுதிச் சான்றிதழை 24 மாதத்தில்தான் தருகிறது. இனப்பெருக்கத்துக்கு நாயைத் தேர்வு செய்ய அது சரி, குட்டியைக் காப்பாற்ற அவ்வளவு காத்திருக்க முடியாது.

தளர்வு இருப்பது தெரிந்தால் முதலில் உணவுத் தட்டைப் பாருங்கள். 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வொன்றில், 25 சதவீதம் குறைவாக உண்ட நாய்களுக்கு இடுப்புத் தேய்மானம் தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. விலா எலும்புகள் கைக்கு எளிதாகத் தட்டுப்பட வேண்டும். பெரிய இனக் குட்டிகளுக்கான தயார் உணவு கொடுக்கும்போது, மேலே கால்சியம் சிரப் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். அது எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். வழுக்கும் டைல்ஸ் தரையில், குட்டி எழும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் ரப்பர் பாய் விரியுங்கள்.