கொட்டகை வாசலில் வேப்பிலை

"மாட்டுக்கு அம்மா வார்த்திருக்குது, ஊசி ஒண்ணும் வேணாம், வந்து ஒரு பார்வை பார்த்துட்டு மட்டும் போங்க டாக்டர்" என்று 2022 ஆம் ஆண்டு மழைக்காலத்தின் இறுதியில், அல்சூர் ஏரியை அடுத்த ஒரு தெருவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அழைத்த அம்மாளின் மாமியார் காலத்திலேயே திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் நான்கு கலப்பின மாடுகளைக் கட்டி, தெருவுக்குப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பம் அது. நான் போனபோது கொட்டகை வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. கோடியில் கட்டியிருந்த மாட்டின் கழுத்திலும் விலாவிலும் புளியங்கொட்டை அளவு முதல் நெல்லிக்காய் அளவு வரை கட்டிகள் எழும்பியிருந்தன; அவற்றின் மேல் மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தார்கள்.

அந்த வேப்பிலையைக் கண்டு எனக்கு எரிச்சல் வரவில்லை. ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. மனிதருக்கு அம்மை கண்ட வீட்டில் நம்மவர்கள் கடைப்பிடித்த கட்டுப்பாட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் வேப்பிலை செருகியதும் வெளியார் உள்ளே வரமாட்டார்கள், வீட்டார் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள், நோய் கண்டவரின் துணியும் தட்டும் தனியாக இருக்கும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை எதுவும் தளராது. மாட்டுக்கு அம்மை வந்தபோது அந்தக் குடும்பம் வேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டை விட்டுவிட்டது. நோயுற்ற மாட்டைக் கறந்த பால்காரர் அதே கையோடு அடுத்த மூன்று வீட்டு மாடுகளையும் கறந்துவிட்டுப் போயிருந்தார். கோலார் பக்கத்துச் சந்தையொன்றிலிருந்து பன்னிரண்டு நாட்களுக்கு முன் குட்டி யானை வண்டியில் வந்திறங்கிய அந்தப் புதுமாடு, வந்த அன்றே மற்ற மூன்றோடும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்திருந்தது. இந்நோயைத் தடுப்பது பற்றி நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

தமிழில் தோல் கழலை நோய் என்றும் பெரியம்மை என்றும் (மனிதருக்கு வந்த பெரியம்மை வேறு), ஆங்கிலத்தில் லம்பி ஸ்கின் டிசீஸ் என்றும், இங்கே கன்னடத்தில் சர்மகண்டு ரோகம் என்றும் வழங்கும் இது, செம்மறியாட்டு அம்மைக்கும் வெள்ளாட்டு அம்மைக்கும் காரணமான வைரஸ்களின் நெருங்கிய உறவான ஒரு வைரஸால் வருகிறது. 1929 ஆம் ஆண்டு இன்றைய ஜாம்பியாவில் முதன்முதலாகப் பதிவான இந்நோய், பல பத்தாண்டுகள் ஆப்பிரிக்கக் கண்டத்துக்குள்ளேயே இருந்துவிட்டுப் பின்னர் மேற்காசியா வழியாகப் பரவி, 2019 ஆம் ஆண்டு ஒடிசாவில் தென்பட்டது. 2022 இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் அது ஆடிய ஆட்டத்தைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த ஓராண்டில் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மாண்டன, கர்நாடகமும் தப்பவில்லை. பொதுவாக நோய் கண்டவற்றில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரைதான் இறக்கும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. நான்கே மாடுகளை நம்பி இருப்பவருக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது. பிழைத்த மாட்டுக்குப் பால் வற்றும், சினை கலையும், அடுத்த சினை தள்ளிப்போகும், மடியில் கட்டி எழுந்தால் காம்பே அடைபட்டுப்போகும். நகரத்தில் மிகுதியாக உள்ள எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்), ஜெர்சி கலப்பின மாடுகளின் மெல்லிய தோலில் நோய் கடுமையாகவே வெளிப்படுகிறது. கன்றுகளை இன்னும் மோசமாகத் தாக்குகிறது.

கட்டிகள் தெரிந்த பிறகே பலரும் எங்களை அழைக்கிறார்கள். அதற்கு முன்பே 104 முதல் 106 டிகிரி ஃபாரன்ஹீட் வரை காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், தீவனத்தில் விருப்பமின்மை, பாலில் திடீர்க் குறைவு ஆகியவை வந்துவிடும்; தோளுக்கு முன்னால் உள்ள நிணநீர்க் கணுவைத் தொட்டால் எலுமிச்சை போல் உருண்டு கைக்குத் தட்டுப்படும். எல்லாத் தடிப்பும் இந்நோய் ஆகிவிடாது. ஒவ்வாமையால் வரும் தடிப்பு மணிக்கணக்கில் எழும்பி, அடுத்த நாளே அமிழ்ந்துவிடும். கழலை நோயின் கட்டியோ தோலின் முழு ஆழத்துக்கும் இறங்கிக் கெட்டியாக நிற்கும், வாரக்கணக்கில் நீடிக்கும், நடுப்பகுதி கருகி உதிரும். ஐயம் இருந்தால் பொருக்கையோ இரத்தத்தையோ எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்து உறுதிப்படுத்தலாம். ஹெப்பாலில் மாநிலக் கால்நடை நல நிறுவனமும், எலஹங்காவில் கால்நடை நோய்ப்பரவியலுக்கான தேசிய நிறுவனமும் இருக்கும் இந்த ஊரில், அந்த வகையில் நமக்குக் குறையில்லை.

பரவும் வழிகளில் முதன்மையானது கடிக்கும் பூச்சி. ஈ என்றதும் நாம் வீட்டு ஈயை நினைக்கிறோம். கொட்டகையில் மாட்டின் கால்களை மொய்ப்பது பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் வேறோர் ஈ. அதன் தலைக்கு முன்னால் ஊசி போல ஒரு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். மாடு ஓயாமல் காலை உதைத்துக்கொண்டும் வாலை வீசிக்கொண்டும் நின்றால் அந்த ஈதான் காரணம். அதன் கடி வலிக்கும் என்பதால், வயிறு நிறையும் முன்பே மாடு அதை உதறிவிடும். அது இரத்தம் தோய்ந்த வாயோடு பக்கத்து மாட்டின் மேல் போய் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த ஈயின் உடலுக்குள் வைரஸ் பெருக வேண்டியதில்லை, வாயில் ஒட்டியிருந்தாலே போதும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் நோயுற்ற மாட்டிலிருந்து நலமான மாட்டுக்கு இந்த வைரஸைக் கடத்த வல்லது என்பது ஆய்வகச் சோதனைகளில் மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. உண்ணிகளுக்கும் இதில் பங்குண்டு.

ஆகவே மாட்டுக்குக் கொசுவலை கட்டுவதைப் பற்றிப் பேசும் முன், கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் குவியலைப் பற்றிப் பேச வேண்டும். கடிக்கும் ஈ முட்டையிடுவது சாணமும் மூத்திரமும் ஊறி அழுகிய வைக்கோலிலும் தீவன மிச்சத்திலும்தான். வெதுவெதுப்பான பருவத்தில் ஏறத்தாழ மூன்று வாரத்தில் முட்டை ஈயாகிவிடும். கிராமத்தில் எரு வயலுக்குப் போகிறது. பெங்களூரின் சந்துகளில் அது சாக்கடையோரம் குவிகிறது, அல்லது மாநகராட்சி வண்டிக்காகக் காத்துக் கிடக்கிறது. வாரத்துக்கு இருமுறை குவியலை முழுவதுமாக அகற்றினால், முட்டைகள் ஈயாவதற்குள் அவற்றின் இடம் பறிபோகும். முடியாதவர்கள் தடித்த பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடி வைத்தால், குவியலின் சூடே புழுக்களைக் கொன்றுவிடும். தண்ணீர்ப் பீப்பாய்க்கு மூடி வேண்டும், கூரை பறக்காமல் இருக்க மேலே போட்டிருக்கும் பழைய டயர்களில் மழைநீர் நிற்கக்கூடாது. மாலையில் வேப்பிலைப் புகை போடுவது நல்லதுதான், மின்விசிறிக் காற்றும் பூச்சியை விரட்டும். ஈ, உண்ணி மருந்துகளைக் கறவை மாட்டின் மேல் பூசும்போது மட்டும் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈயின் வாயைப் போன்ற இன்னொரு பொருள் எங்கள் பையிலேயே இருக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில், நகருக்கு வெளியே நடந்த ஒரு தடுப்பூசி முகாமில், நேரம் போதவில்லை என்பதற்காக ஒரே ஊசிமுனையால் இருபது மாடுகளுக்கு மேல் நானே குத்தியிருக்கிறேன். அன்று அந்தக் கூட்டத்தில் ஒரு மாடு காய்ச்சலின் முதல் நாளில் இருந்திருந்தால், ஈக்கள் ஒரு வாரத்தில் செய்யும் வேலையை நான் ஒரு முற்பகலில் முடித்திருப்பேன். ஒரு மாட்டுக்கு ஓர் ஊசிமுனை என்பதை இன்று நான் விட்டுக்கொடுப்பதில்லை, நீங்களும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மருத்துவரோ சினை ஊசி போடுபவரோ யார் வந்தாலும், புது ஊசி பிரிக்கப்படுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கயிற்றைப் பிடியுங்கள். கேட்பதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளும் மருத்துவர் இருந்தால், பிழை அவருடையது.

அடுத்தது மாடுகளின் நடமாட்டம். தொற்று ஏறிய மாடு ஒன்று முதல் நான்கு வாரம் வரை எந்தக் குறியும் காட்டாமல் இருக்கலாம். சந்தையில் பளபளவென்று நிற்கும் மாடு நோயற்றது என்று பல்லைப் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. புதிதாக வாங்கிய மாட்டை 28 நாள் தனியே கட்ட வேண்டும் என்றால், "இருக்கிறதே பத்தடி இடம், எங்கே கட்டுவது?" என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். இடமில்லாதவர் விற்பவரிடமே முன்பணம் கொடுத்து, தடுப்பூசி போடச் சொல்லி, நான்கு வாரம் கழித்து ஓட்டி வரலாம். என் வாடிக்கையாளர்கள் சிலர் இப்படிச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள், விற்பவர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். கறந்த பிறகு மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிட்டு, அது காய்கறிச் சந்தைக் கழிவைத் தின்று திரும்பட்டும் என்று விடும் பழக்கம், நோய்க்காலத்தில் நான்கு தெருக் கொட்டகைகளை ஒரே கொட்டகையாக்கிவிடுகிறது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வண்ணம் அடித்து வீட்டு வாசலிலேயே பூசை முடித்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் நோய் இருக்கும் ஆண்டில் கோயில் திடலுக்கு ஓட்டிச்செல்ல வேண்டாம்.

தடுப்பூசியைப் பற்றிய மனத்தாங்கலுக்கு வருகிறேன். "ஊசி போட்டதால்தான் வந்தது" என்று அந்த அம்மாளின் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்ததாலேயே அவர் ஊசி வேண்டாம் என்றார். இந்தப் பழி எழுவதற்குக் காரணம் உண்டு. ஊர் முழுக்க நோய் பரவிய பிறகு ஊசி போட்டால், ஏற்கெனவே தொற்று ஏறிய மாடுகளுக்கும் சேர்த்தே போட்டுவிடுகிறோம்; அவற்றுக்குச் சில நாட்களில் கட்டி வரும்போது பழி ஊசியின் மேல் விழுகிறது. பாதுகாப்பு முழுமையாக உருவாக ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். ஆகவே மே மாதத்துக் கோடை மழைக்கு முன்பே, ஈயும் கொசுவும் பெருகும் முன், ஆண்டுதோறும் போட்டுவிட வேண்டும். 2022 இல் நாங்கள் பயன்படுத்தியது வெள்ளாட்டு அம்மைத் தடுப்பூசி. உறவு வைரஸ் என்பதால் அது மாட்டுக்கும் பயன்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையமும் இசத்நகர்க் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இந்நோய்க்கென்றே உருவாக்கிய லம்பி புரோவேக்இண்ட் அறிமுகமானது. நம் அண்டையிலுள்ள மாலூரில் இயங்கும் பயோவெட் நிறுவனத்தின் பயோலம்பிவேக்சினுக்கு 2025 பிப்ரவரியில் உரிமம் கிடைத்தது. தடுப்பூசி பெற்ற மாட்டையும் நோய் வந்து தேறிய மாட்டையும் பரிசோதனையில் பிரித்தறிய அது இடம் தருகிறது. எதுவானாலும் பனிக்கட்டிப் பெட்டியில் வர வேண்டும். வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வந்த மருந்து வெறும் தண்ணீர்தான்.

வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் மருந்து, புண்ணில் கிருமி சேராமல் நுண்ணுயிர்க்கொல்லி, ஊட்டமான தீவனம் என்பதே சிகிச்சை. தேசியப் பால்வள வாரியம் பரிந்துரைக்கும் மரபு மருத்துவ முறையில் பத்து வெற்றிலை, பத்து கிராம் மிளகு, பத்து கிராம் உப்பு ஆகியவற்றை அரைத்து வெல்லத்தோடு நாக்கில் தடவிக் கொடுப்பார்கள். புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள் முதலியவற்றை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். நான் அதைத் தடுப்பதில்லை, கூடவே என் மருந்தையும் கொடுங்கள் என்பேன்.

பாலைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளால் அந்த ஆண்டு பல சிறு பால்காரர்கள் வாடிக்கை இழந்தார்கள். இந்நோய் மனிதருக்குத் தொற்றாது, காய்ச்சிய பாலைத் தாராளமாகக் குடிக்கலாம். நோயுற்ற மாட்டின் பச்சைப் பாலைக் கன்றுக்கு ஊட்டுவதுதான் ஆபத்து. காய்ச்சி ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். மருந்து கொடுத்திருந்தால், மருத்துவர் சொல்லும் நாட்கள் வரை அந்தப் பாலை விற்கக்கூடாது என்பது வேறு கணக்கு.

மாடு இறந்துவிட்டால் தோலை உரிக்க விடாதீர்கள். உலர்ந்த தோலில் பதினெட்டு நாளும், உதிர்ந்த பொருக்கில் ஒரு மாதத்துக்கு மேலும் இந்த வைரஸ் உயிரோடிருக்கும். சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைப்பதே முறை, அதற்கான இடம் நகரத்தில் நமக்குக் கிடையாது. அதனால்தான் நோய் கண்ட அன்றே கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள் என்று வற்புறுத்துகிறேன். 1962 என்ற இலவச எண் இருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, தகவல் தருவதும் நோயுற்ற மாட்டைப் பிரித்துக் கட்டுவதும் வளர்ப்பவரின் கடமை.

அல்சூர் வீட்டில் அன்று முதலில் செய்த வேலை, புதுமாட்டை எதிரிலிருந்த காலி கார்ஷெட்டுக்கு மாற்றியது. அந்த மாட்டை மருமகள் மட்டும், கடைசியாகக் கறப்பது என்றும், பால்காரர் இந்த வாசலை மிதிப்பதில்லை என்றும், வாளியும் கயிறும் தனி என்றும், கொட்டகையை இரண்டு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுவது என்றும் முடிவானது. "தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும்னு சொல்றீங்க, அவ்வளவுதானே டாக்டர்?" என்று அந்த அம்மாள் கேட்டார். அவ்வளவுதான் என்றேன். மற்ற மூன்றில் ஒன்றுக்குக் கழுத்தில் நான்கைந்து கட்டிகள் வந்து ஆறின, இரண்டு தப்பின. புதுமாடு பிழைத்துக்கொண்டது, ஒரு காம்பு மட்டும் இன்றுவரை திறக்கவில்லை.