இங்கிலாந்து கிராமத்து நடைபாதைகள்: அடுத்தவர் வயல் வழியே நடக்க உங்களுக்கு என்ன உரிமை?

இங்கிலாந்தில் குடியேறியவர்கள், படிக்க வந்தவர்கள், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து சில மாதம் தங்கும் பெற்றோர் என்று பலரும் கிராமப்பக்கம் போகும்போது ஒரே இடத்தில்தான் தயங்குகிறார்கள். சாலையோரத்தில் ‘பப்ளிக் ஃபுட்பாத்’ என்று ஒரு பலகை இருக்கும், அது காட்டும் திசையில் பார்த்தால் யாரோ ஒருவருடைய மேய்ச்சல் நிலம், கேட் சாத்தியிருக்கும், உள்ளே ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். உள்ளே போகலாமா?

தாராளமாகப் போகலாம். யாரிடமும் கேட்க வேண்டாம், டிக்கெட் இல்லை, கட்டணம் இல்லை, நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன், என்ன விசா என்ற கேள்வியும் இல்லை. நிலம் தனியாருடையது, ஆனால் அதன் மேல் போகும் அந்தப் பாதையில் நடக்கும் உரிமை பொதுமக்களுடையது. நம் ஊர்ப் பத்திரங்களில் பக்கத்து மனைக்காரருக்கு வழிநடை பாத்தியம் எழுதுவோமே, அதையே ஊர் உலகத்துக்கே எழுதிக் கொடுத்தது போல. சட்டத்தின் கண்ணில் அந்த ஒற்றையடிப் பாதையும் ஒரு சாலைதான். நிலம் கைமாறினாலும் உரிமை போகாது. ‘ஒருமுறை சாலையானால் என்றைக்கும் சாலை’ என்பது அங்கே பழைய சட்டக் கொள்கை. முறைப்படி ஆணை போட்டு மூடினாலோ திருப்பிவிட்டாலோ ஒழிய அது அப்படியேதான் இருக்கும். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இப்படி சுமார் 2,25,000 கிலோமீட்டர் பாதை இருக்கிறது.

எல்லாப் பாதையும் ஒரே வகை கிடையாது, அதைக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் அம்பின் நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் பிரைடில்வே, நடக்கலாம், குதிரையில் போகலாம், சைக்கிளும் ஓட்டலாம். ஊதா நிறத்தில் மோட்டார் வண்டி தவிர மற்றதெல்லாம் போகும். சிவப்பு என்றால் காரும் பைக்கும்கூட வரலாம், குழந்தைகளோடு போனால் காதைத் தீட்டிக்கொண்டு நடங்கள். இன்னொரு வகையும் உண்டு, ‘பெர்மிசிவ் பாத்’. அது நில உரிமையாளர் நல்லெண்ணத்தில் விட்டுவைத்த வழி, அவர் நினைத்தால் நாளைக்கே மூடிவிடலாம், அதில் உங்களுக்கு உரிமை எதுவும் இல்லை.

உதாரணத்துக்கு டெர்பிஷயரில் இருக்கும் ஈடேல் கிராமத்தை எடுத்துக்கொள்ளலாம். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஓடும் ரயில் அங்கே நிற்கும் என்பதால் கார் இல்லாதவர்களும் போகலாம். நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்தால் தேவாலயத்தைத் தாண்டி ‘ஓல்ட் நாக்ஸ் ஹெட்’ என்ற பழைய பப் வரும். 1965-ல் திறந்த பென்னைன் வே என்ற நெடும்பாதை அங்கேதான் தொடங்குகிறது, ஸ்காட்லாந்து எல்லை தாண்டி சுமார் 430 கிலோமீட்டர் போகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், முதல் ஒரு மணி நேரம் நடந்தாலே இந்தச் சட்டம் முழுவதும் கண்முன்னே தெரியும். பாதை நேராகப் பண்ணைகளின் மேய்ச்சல் நிலத்துக்குள் இறங்குகிறது. ஈரத்தில் புல் நசுங்காமல் இருக்கச் சில இடங்களில் தட்டைக் கல் பாவியிருக்கிறார்கள். காரை பூசாமல் அடுக்கிய கல் சுவர் குறுக்கே வந்தால் அதில் ஒரு ஆள் உடம்பை ஒருக்களித்து நுழையும் அளவுக்கு ஒரு இடுக்கு விட்டிருப்பார்கள், மனிதர் போகலாம், ஆடு போக முடியாது. வேலி வந்தால் குறுக்கே மரப்படி, ஸ்டைல் என்பார்கள், ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டியதுதான். இந்தப் படியையும் கேட்டையும் நல்ல நிலையில் வைத்திருப்பது நில உரிமையாளரின் கடமை, அந்தச் செலவில் கால் பங்காவது உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலிடம் அவர் கேட்டு வாங்கலாம்.

அப்புறம் ஜேக்கப்ஸ் லேடர் என்ற செங்குத்தான கல் ஏற்றம், அதற்கு மேலே 636 மீட்டர் உயரமுள்ள கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலம். இங்கே வேறு சட்டம் வருகிறது. 2000-ம் ஆண்டின் கிராமப்புற, வழி உரிமைச் சட்டம் மலை, மூர் எனப்படும் புதர் மேட்டுநிலம், ஹீத் எனப்படும் குறும்புதர்த் தரிசு, புல் குன்று, பதிவான பொது நிலம் ஆகியவற்றை ‘திறந்த நிலம்’ என்று வரையறுத்து, வரைபடத்தில் குறித்தது. அங்கே பாதையை விட்டு விலகியும் கால்போன போக்கில் நடக்கலாம். ஆனால் காலால் மட்டும்தான். சைக்கிள், கூடாரம், தீ மூட்டுவது, ஏரியில் குளிப்பது எதுவும் இந்த உரிமையில் அடங்காது. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும், கால்நடை பக்கத்தில் இருந்தால் எந்த மாதமானாலும் அப்படித்தான்.

இந்த உரிமை சும்மா வரவில்லை, இதைச் சொல்லாமல் இந்தச் சட்டத்தை விளக்க எனக்கு மனம் வரவில்லை. இதே கிண்டர் ஸ்கௌட் ஒரு காலத்தில் பணக்காரர்கள் பறவை வேட்டையாடுவதற்காகக் காவல் போட்டு அடைத்து வைத்திருந்த இடம். மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைத் தொழிலாளர்களுக்கு வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வு நாளில் நல்ல காற்று வாங்கவும் வழியில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் வேண்டுமென்றே அதில் ஏறினார்கள், காவலாட்களோடு கைகலப்பு ஆனது, ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 1951-ல் இந்தப் பகுதியே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. ஒவ்வொரு கவுன்சிலும் தன் எல்லையில் உள்ள பாதைகளை ‘டெஃபினிட்டிவ் மேப்’ என்ற அதிகாரபூர்வ வரைபடத்தில் பதிய வேண்டும் என்பதும் அந்த 1949 சட்டம் வைத்த விதிதான். அந்த வரைபடத்தில் ஒரு பாதை இருந்தால் அதற்கு மேல் வேறு சாட்சி தேவையில்லை. பெரும்பாலான கவுன்சில்கள் இதை இணையத்திலேயே போட்டிருக்கின்றன. நடக்கும்போது கையில் வைத்துக்கொள்ள, அரசின் நில வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் போதும். அதில் பச்சைக் கோடுகள் உரிமையுள்ள பாதைகள், மஞ்சள் சாயம் திறந்த நிலம். வெறும் கறுப்புப் புள்ளிக் கோடு மட்டும் இருந்தால் அங்கே தடம் இருக்கிறது என்றுதான் பொருள், நடக்க உரிமை இருக்கிறது என்று பொருள் இல்லை.

சரி, விவசாயி என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? வயலின் ஓரமாகப் போகும் பாதையை அவர் உழவே கூடாது. வயலின் நடுவே போவதை, தவிர்க்க முடியாவிட்டால் உழலாம், ஆனால் 14 நாளுக்குள் மறுபடி நடக்கும்படி சமன் செய்து தடம் தெரியும்படி விட வேண்டும். நடுவே போகும் நடைபாதை குறைந்தது 1 மீட்டர் அகலம், ஓரப்பாதை 1.5 மீட்டர். பயிர் அதன் மேல் வளர்ந்து மறைக்கக் கூடாது. பால் மாட்டு இனக் காளை 10 மாதம் தாண்டியிருந்தால் பாதை போகும் நிலத்தில் விடவே கூடாது, மற்ற இனக் காளைகளைப் பசுக்களோடு சேர்த்துத்தான் விடலாம். பொதுப்பாதையில் மக்களை விரட்டும் நோக்கில் பொய்யான பலகை வைப்பதும் குற்றம்.

பாதை அடைபட்டிருந்தால், முள்கம்பியோ பூட்டோ இருந்தால், கடந்து போகத் தேவையான அளவு மட்டும் அதை விலக்கலாம், அல்லது அதே உரிமையாளரின் நிலத்திலேயே சுற்றிப் போகலாம். சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு புகைப்படம், அந்த இடத்தைக் காட்டும் வரைபடக் குறியீட்டு எண், தேதி, இவ்வளவையும் கவுன்சிலுக்கு அனுப்புங்கள். ஈடேலுக்கு டெர்பிஷயர் கவுன்டி கவுன்சில். பாதையைக் காப்பது அவர்களுடைய சட்டக் கடமை. கண்டுகொள்ளாவிட்டால் நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் முறையான நோட்டீஸ் கொடுக்கலாம், ஒரு மாதத்துக்குள் என்ன செய்யப் போகிறார்கள் என்று பதில் சொல்லியாக வேண்டும், அதற்குப் பிறகும் அசையாவிட்டால் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம் வரை போகலாம். நாம் புகார் கொடுத்தால் யார் கேட்பார்கள் என்று நம்மவர்கள் பேசாமல் திரும்பிவிடுகிறோம். அப்படித் திரும்பத் திரும்பத்தான் பாதையில் புதர் மண்டுகிறது.

உங்கள் பக்கம் உள்ள பொறுப்புகள் கொஞ்சம்தான். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, சாத்தியிருந்தால் சாத்திவிட்டுப் போங்கள். தடத்தை விட்டு இறங்கிப் பயிரை மிதிக்காதீர்கள். கன்றோடு நிற்கும் பசுவிடம் நெருங்காதீர்கள், நாய் கூட இருந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் தப்பித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்டே நின்றால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். தவறிப்போய் தடம் மாறிவிட்டால் பதற வேண்டாம், அத்துமீறல் பொதுவாக சிவில் விவகாரம்தான், உரிமையாளர் போகச் சொன்னால் மன்னிப்புக் கேட்டு வந்த வழியே போய்விடலாம்.

வரைபடத்தில் இல்லாத பாதைக்கும் வழி உண்டு. 20 ஆண்டுகள் பொதுமக்கள் ஒளிவுமறைவு இல்லாமல், அனுமதி கேட்காமல், பூட்டு உடைக்காமல் தொடர்ந்து நடந்திருந்தால், உரிமையாளர் அதை மறுத்ததற்கு ஆதாரம் இல்லாதவரை அது பொதுவழி என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்தந்த ஊர்க்காரர்கள் எந்த ஆண்டு முதல் நடக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் படிவங்கள்தான் இதற்கு முதல் சாட்சி. பழைய நில வரைபடங்களை வைத்து மறந்துபோன பாதைகளைப் பதிவதற்கு முதலில் 2026, பிறகு 2031 என்று கெடு வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. உங்கள் ஊரில் அப்படி ஒரு தடம் இருந்து, புதிதாக யாராவது வேலி போட்டால், கவுன்சிலின் வழி உரிமைப் பிரிவில் வரைபடத் திருத்தத்துக்கான படிவத்தைக் கேளுங்கள்.