சிவப்புக் கோடு மறைந்தால் போதுமா?

கோலாலம்பூர், பங்சார் சவுத் பக்கம் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களின் ஜாவா புரோஜெக்ட்டைத் திறந்தால், பெரும்பாலும் லிப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். இணையத்திலிருந்து இறக்கிய ஜார் கோப்புகள், அதாவது பிறர் எழுதிவைத்த லைப்ரரிகளின் பொட்டலங்கள், அதில் குவிந்து கிடக்கும். லைப்ரரிகளை இறக்கி புரோஜெக்ட்டை பில்ட் செய்து தரும் மேவனோ கிரேடிலோ இல்லாத புரோஜெக்ட்டில், லிப்புக்குள் போட்ட ஜாரை விஎஸ் கோடு எடிட்டர் தானாகவே எடுத்துக்கொள்ளும். பிழையைக் காட்டும் சிவப்புக் கோடு மறைந்துவிடும். “அண்ணே, என் லேப்டாப்ல ஓடுதே!” என்பார்கள். ஓடும்தான். ஆனால் அந்த ஏற்பாடு எடிட்டருக்கு மட்டுமே தெரியும், நிரலை வெளியீட்டுக்குத் தயாராக்கும் பில்ட் சர்வருக்குத் தெரியாது.

சரி, தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் போம் கோப்பில் (pom.xml) நாலு வரி எழுதி மேவனிடம் விட்டுவிட்டால் தீர்ந்ததா? பாதிதான். நீங்கள் கேட்ட லைப்ரரி, தனக்குத் தேவையான வேறு லைப்ரரிகளையும் இழுத்துக்கொண்டு வரும். ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன்கள் இப்படி வந்து மோதினால், மேவன் அந்த இழுவைச் சங்கிலியில் உங்கள் புரோஜெக்ட்டுக்கு அருகில் இருப்பதை எடுக்கும். இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால் முதலில் எழுதியதை எடுக்கும். கிரேடில் வழக்கமாக உயர்ந்த வெர்ஷனை எடுக்கும். அதனால் அதே பட்டியலை மேவனிலிருந்து கிரேடிலுக்கு மாற்றினாலே வேறு வெர்ஷன் வந்து உட்காரலாம். கம்பைல் ஆகும்போது ஒன்றும் தெரியாது. வாடிக்கையாளர் பட்டனை அழுத்தும்போதுதான் ‘நோ சச் மெத்தட்’ (அப்படி ஒரு மெத்தட் இல்லை) என்று பிழை விழும். இதற்கு எடிட்டரை மூடித் திறப்பதும் கேஷை அழிப்பதும் வீண் வேலை. எந்த லைப்ரரி எதை இழுத்து வந்தது என்று காட்டும் டிபென்டன்சி ட்ரீயைப் பாருங்கள். விஎஸ் கோடின் மேவன் எக்ஸ்டென்ஷன் அதைப் பக்கப் பட்டியிலேயே விரித்துக் காட்டும்.

2021 டிசம்பரில், லாக் பதிவு எழுதும் லைப்ரரியான லாக்ஃபோர்ஜேயின் (Log4j) பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது இந்த ட்ரீயின் அருமை புரிந்தது. தீவிர மதிப்பெண் 10க்கு 10. “நாங்கள் அதைப் பயன்படுத்தவே இல்லை” என்று சொன்னாலும் நம்ப முடியாது, ஏனென்றால் அது வேறொரு லைப்ரரியின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கலாம். திருத்தமும் ஒரே தடவையில் முடியவில்லை: 2.15.0 வந்தது, அப்புறம் 2.16.0, 2.17.0, 2.17.1. வெர்ஷன்களை போம் கோப்பின் டிபென்டன்சி மேனேஜ்மென்ட் பகுதியில் ஒரே இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணை மாற்றி, மறுபடி பில்ட் செய்து வெளியிடும் வேலை. லிப் ஃபோல்டர்காரர்கள் ஒவ்வொரு ஜாராகத் தேட வேண்டியிருந்தது. ஒரு ஜாருக்குள் இன்னொன்றைப் பொதித்திருந்தால் பெயரை வைத்துக் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

எங்கள் குழுவில் புது லைப்ரரி சேர்ப்பவர் தனி கமிட்டாகத்தான் (தனி மாற்றப் பதிவாகத்தான்) சேர்க்க வேண்டும்; ட்ரீயில் என்ன மாறியது என்பதையும் ஒட்ட வேண்டும். வெர்ஷன் இடத்தில் “லேட்டஸ்ட்” என்று எழுதினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன், எண்ணைப் போடு தம்பி என்று. டெஸ்டுக்கு மட்டும் வேண்டியதற்கு டெஸ்ட் ஸ்கோப் கொடுக்க வேண்டும். அப்படியே, குறித்த மேவன் வெர்ஷனையே இறக்கி ஓட்டும் மேவன் ராப்பரையும் கிட்டில் (Git) போட்டுவிடுங்கள். மேவன் வெர்ஷன் ஆளுக்கொன்றாக இருக்காது.