மலையிறக்கத்தில் காலை வாரும் பழைய பிரேக் ஆயில்

காய்கறி லோடு ஓட்டுகிறவர்கள் பட்டறைக்கு வந்து சொல்லும் ஒரு புகார் என்னை எப்போதும் பதறவைக்கும். "அண்ணே, கொடைக்கானல்ல இருந்து லோடோட இறங்குறப்ப பெடல் அப்படியே தரைக்குப் போயிருச்சு. கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கப் பிடிச்சு ஒரு வழியா ஓரங்கட்டிட்டேன். அரை மணி நேரம் கழிச்சுப் பாத்தா பிரேக் நல்லாப் பிடிக்குது!" இப்படிச் சொல்கிறவரின் வண்டியை மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. அதனால் லைனிங்கை மட்டும் மாற்றிக்கொண்டு மறுபடியும் மலையேறிவிடுகிறார்கள். கோளாறோ ஆயிலோடு அப்படியே கூடப் போகிறது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டியில் பிரேக் ஆயில் ஊற்றும் டப்பா மூடியின் காற்றுத் துளை, ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே சேரும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தர விதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால், இருக்க வேண்டிய அளவே 155 டிகிரிதான். டாட் 3 இன்னும் கீழே: புதிதில் 205, ஈரம் ஏறினால் 140.

கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு, மலையடிவாரக் காட்ரோடு வரைக்கும் காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் டிரம்மும் டிஸ்கும் கொதிக்கும். அந்தச் சூடு, சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் இறங்கியதும் ஆயிலில் இருக்கும் நீர் ஆவியாகிறது. திரவம் அமுங்காது, அதனால்தான் கால் கொடுக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. ஆவி அமுங்கும். நீங்கள் மிதிப்பது முழுவதும் ஆவியை அமுக்குவதிலேயே வீணாகிவிடும். வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் ஆவி மறுபடி நீராகி ஆயிலில் கலந்துவிடும், பெடலும் பழையபடி நிற்கும். சமதளத்தில் இந்தக் கோளாறு பிடிபடாததற்குக் காரணம் இதுதான்.

பெடல் கல்லுப் போல நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு விஷயம், சூட்டில் லைனிங் பிடிப்பு இழந்திருக்கிறது. பெடலே தரைக்குப் போனால் முதலில் ஆயிலைச் சந்தேகப்படுங்கள், அதோடு கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டறைக்கு வரும்போது எந்த மாதிரி ஆனது என்று தெளிவாகச் சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஆயிலின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பார்க்கத் தெளிவாக இருக்கும் ஆயிலிலும் நீர் இருக்கலாம். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மலைக்கு அடிக்கடி லோடு அடிக்கிறவர்கள் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இந்த வேலையை வீட்டு வாசலில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். குட்டியானை, பிக்கப் போன்ற ஆயில் பிரேக் வண்டி என்றால், கசிவு எதுவும் இல்லாமல் ஆயிலை மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால், பொறுமையும் துணைக்கு ஓர் ஆளும் இருந்தால் செய்யலாம். ஏர் பிரேக் உள்ள பெரிய லாரியில் கை வைக்கவே வேண்டாம். அதில் பின் சக்கரத்தருகே இருக்கும் பிரேக் சேம்பருக்குள் பலமான ஸ்பிரிங் ஒன்று இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். தெரியாமல் கழற்றினால் அது ஆளையே கொன்றுவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிக்கப் உயரமான வண்டி, பெரும்பாலும் தூக்காமலே பின் சக்கர நிப்பிளுக்கு, அதாவது ஆயிலை வடிக்கும் சிறு திருகுக்கு, கை எட்டும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள். அதையும் பின் அச்சுக்கு அடியில் கொடுங்கள். பல பிக்கப்களில் லோடுக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு, அச்சின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து அது வேலை செய்கிறது. சேஸிஸில், அதாவது வண்டிச் சட்டத்தில், ஜாக்கி போட்டால் அச்சு தொங்கும், வண்டி காலியாக இருக்கிறது என்ற நிலைக்கு வால்வு போய்ப் பின்பக்கம் போகும் ஆயிலைக் குறைத்துவிடும். எவ்வளவு மிதித்தும் பின் பிரேக் குழாயில் சிக்கிய ஏர், அதாவது காற்று, வெளியே போகவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வண்டியை எங்கே வைத்துத் தூக்கினீர்கள் என்றுதான்.

வண்டியின் ஆயில் டப்பா மூடியில் போட்டிருக்கும் தரத்திலேயே, கடையில் சீல் உடைக்காத புது டப்பா வாங்குங்கள். ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். போன வருஷம் திறந்து வைத்த மிச்சம் வேண்டாம், அது இந்நேரம் ஈரம் குடித்திருக்கும். இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. பாகங்களை டீசல், மண்ணெண்ணெய் போட்டுக் கழுவவும் கூடாது. உள்ளேயிருக்கும் ரப்பர் ஊதிப்போய், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

வண்டியில் இருக்கும் டப்பாவின் மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிட்டுத் திறங்கள். டப்பாவில் இருக்கும் பழையதைச் சிரிஞ்சில் உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்புங்கள். நம் ஊர் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம் இருப்பதால், பொதுவாகத் தூரத்தில் இருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரலாம். உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

நிப்பிளில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் தெளிவான டியூபைச் சொருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்கும்படி விடுங்கள். இன்ஜின் ஆஃபில் இருக்கட்டும். மேலே உட்கார்ந்திருப்பவரிடம் "மிதி" என்றால் அவர் மெதுவாக மிதித்து "பிடிச்சிருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறீர்கள், ஆயில் வருகிறது, பெடல் இறங்குகிறது. நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு" என்று சொல்ல வேண்டும். திறந்திருக்கும்போது காலை எடுத்துவிட்டால் நிப்பிள் வழியாகவே காற்று உள்ளே ஏறிவிடும். முதலில் கடுங்காப்பி நிறத்தில் வரும், இடையிடையே பொடிக் குமிழிகள் தெரியும். புதிய ஆயில் குமிழியே இல்லாமல் வரும் வரைக்கும் விடாதீர்கள்.

பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்க விடாதீர்கள், அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாக ரப்பர் போகாத இடத்தில் துருவும் அழுக்கும் சேர்ந்திருக்கும். அதன்மேல் ரப்பர் உரசினால் கிழிந்துவிடும். நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்த மறுநாள் போய்விட்டது என்று வருகிற வண்டிகள் பலவற்றில் இதுதான் நடந்திருக்கிறது.

சில மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். அது வற்றினால் காற்று உள்ளே போய், வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் அதன் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் பல மாடல்களில் ஸ்கேனர் போட்டுத்தான் எடுக்க முடியும், அப்போது பட்டறைக்கு வந்துவிடுங்கள். நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். தலை ஒடிந்தால் வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டியிருக்கும். பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் துடைப்பதோடு விடாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வேலை முடிந்ததும் ஆயிலை மேல் கோட்டுக்குக் கீழே வைத்து மூடியைப் போடுங்கள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பெடலை மிதித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாக இறங்கி நிற்க வேண்டும். அரை நிமிஷம் அழுத்திப் பிடித்திருங்கள். மெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருந்தாலோ, தொளதொளவென்று இருந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். நாலு நிப்பிளையும் கையால் தொட்டு ஈரம் பாருங்கள். அப்புறம் ஆள் இல்லாத இடத்தில் மெல்ல ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பாருங்கள். முதல் லோடு பரவை மார்க்கெட் வரைக்கும் போதும், மலைக்கு வேண்டாம்.

ஆயில் புதிது என்பதற்காக நியூட்ரலில் இறங்கிவிடாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்கினால் பாதிப் பாரத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளும். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினால், காலுக்குத் துணையாகப் பிரேக்கை அழுத்தும் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்காமல் பெடல் கல்லாகிவிடும். டீசல் மிச்சம் என்று இன்றைக்கும் இதைச் செய்கிறார்கள், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வடித்த பழைய ஆயில். அது விஷம். தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வாசல் திண்ணையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போகாதீர்கள், வீட்டில் குழந்தை இருக்கும். வாங்கிய டப்பாவிலேயே ஊற்றி, இறுக மூடி, எழுதி ஒட்டுங்கள். சாக்கடையில் கொட்டாமல், பழைய ஆயில் சேகரிக்கிற பட்டறையில் கொண்டுபோய்க் கொடுங்கள். இன்ஜின் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள்.