சவர்க்காரம்: பெயரிலேயே காரம்

வீட்டில் சோப்பு செய்து கொடுப்பவர்களிடம் வாங்க வருகிறவர்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "காஸ்டிக் சோடா போடாமல் செய்து தர முடியுமா?" குழந்தைக்கு வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவலையோடு கேட்பார்கள். வடிகால் அடைப்பை எடுக்கும் பொருள் குழந்தையின் தோலில் படலாமா என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் அப்படிச் செய்து தர யாராலும் முடியாது. ஏன் முடியாது என்பதை வேதியியல் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிடலாம், ஏனென்றால் விடை நம் பழைய சொல்லிலேயே இருக்கிறது.

எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். என் ஆச்சி 'சோப்பு' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "சவுக்காரத்தை எங்கே வைத்தாய்?" என்றுதான் கேட்பாள். அது ஏதோ பட்டிக்காட்டுக் கொச்சை என்று சிறுமியாக இருந்தபோது நினைத்திருந்தேன். சவுக்காரம் என்பது சவர்க்காரம் என்ற சொல்லின் பேச்சு வடிவம் என்பதும், இலங்கையில் பாடப்புத்தகம் முதல் கடை வரை இன்றும் அந்தச் சொல்தான் வழங்குகிறது என்பதும் பின்னால்தான் தெரிந்தது. நாம் கைவிட்டதை அவர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

சொல்லைப் பிரித்தால் சவர், காரம் என்று இரண்டாக நிற்கும். பின்பாதியிலிருந்து தொடங்குகிறேன்.

காரம் என்றதும் இன்று நாவில் மிளகாய்தான் நிற்கிறது. ஆனால் மளிகைக் கடையில் அப்பளக்காரம் என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் மிளகாய் எங்கே இருக்கிறது? அப்பள மாவைப் பொரியவைக்கும் வெள்ளை உப்பு அது. வெண்காரம், படிகாரம், படிகாரத்தின் இன்னொரு பெயரான சீனக்காரம் எல்லாமே ஒரே குடும்பம். நாவில் வைத்தால் சுருக்கென்று பிடிக்கும் உப்புகளையும் அரிக்கும் பொருள்களையும் தமிழர்கள் காரம் என்றே அழைத்துவந்தார்கள். இன்றைய வேதியியல் கணக்கில் படிகாரம் அமிலப் பக்கம் சாய்வது. பெயர் வைத்தவர்கள் நாவைக் கொண்டு வகுத்தார்கள், அதனால் இந்தக் கலப்பு. வடமொழி க்ஷாரம் தமிழில் காரம் என்றும் சாரம் என்றும் இரண்டு உருவில் வந்தது என்று அகராதிகள் காட்டும். நவச்சாரம் என்பதில் வரும் சாரமும் அதுதான். கூடவே கரித்தல், கார்த்தல் என்ற தமிழ் வினைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. உப்புக் கூடிய குழம்பைக் 'கரிக்கிறது' என்கிறோம். வந்த சொல்லும் இருந்த சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால்தான் காரம் இவ்வளவு இயல்பாக நம் வாயில் புழங்குகிறது என்பது என் எண்ணம்.

முன்பாதியான 'சவர்' கொஞ்சம் விவாதத்துக்கு உரியது. வடமொழியில் சர்ஜிகா க்ஷாரம், ஸ்வர்ஜிகா க்ஷாரம் என்று ஒரு பொருள் உண்டு. மண்ணில் பூக்கும் சோடா உப்பு, இந்தியில் சஜ்ஜி. சவர்க்காரம் அதிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. ஆனால் கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சவர் என்றால் என்னவென்று விளக்கவே வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் உப்பேறிப் போனால் 'சவர்த் தண்ணீர்' என்போம். உவர் என்ற சொல்லின் உடன்பிறப்பு அது. உப்புப் படிந்த மண்ணுக்குச் சவுடு, சவட்டு மண் என்று பெயர். தெலுங்கில் அதே மண் சௌடு, கன்னடத்தில் சவுளு. இத்தனை திராவிட மொழிகளில் வேரோடு நிற்கும் சொல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சவர்க்காரம் முழுக்க வடசொல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வடசொல்லே வந்திருந்தாலும் 'சவர்' என்று நம் காதுக்குப் பழகிய வடிவில்தான் அது தங்கியிருக்கிறது. சவரத்துக்கும் சவர்க்காரத்துக்கும் உறவு இருப்பதாகச் சிலர் சொல்வதுண்டு. அது வெறும் ஒலி மயக்கம், சவரத்தின் வழி வேறு.

ஆக, சவர்க்காரம் முதலில் ஒரு கட்டியின் பெயராக இருக்கவில்லை. உவர்மண்ணிலிருந்து எடுத்த அழுக்கு நீக்கும் உப்பின் பெயர் அது. கொழுப்பும் காரமும் சேர்த்துச் செய்த கட்டி நம் ஊருக்கு வந்தபோது, அது செய்யும் வேலையைப் பார்த்து அந்தப் பெயரையே அதற்கும் கொடுத்துவிட்டார்கள். வெள்ளாவி வைத்துத் துணி வெளுத்தவர்கள் கையாண்டது இந்த உவர்மண்ணைத்தான். இன்னும் பின்னால் போனால் புறநானூற்றின் 311ஆம் பாட்டு, ஔவையார் பாடியது. 'களர்ப்படு கூவல் தோண்டி நாளும் புலைத்தி கழீஇய தூவெள் அறுவை' என்று தொடங்குகிறது. களர் நிலத்தில் கிணறு தோண்டி, அந்த நீரில் சலவைப் பெண் நாள்தோறும் வெளுத்த தூய வெள்ளை ஆடை. நல்ல தண்ணீர்க் கிணற்றைச் சொல்லாமல் களர்க் கிணற்றைச் சொன்னது தற்செயல் என்று நான் நம்பவில்லை. களரில் ஊறும் நீரில் காரம் கரைந்திருக்கும், காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். வள்ளுவர் கல்லாதவரைச் சொல்ல வந்து 'பயவாக் களர்' என்று அந்த நிலத்தையே பழித்தார். உழவரின் கண்ணால் பார்த்தால் அது சரிதான். துணி வெளுத்த பெண்ணைக் கேட்டிருந்தால் களரின் பயனைச் சொல்லியிருப்பாள்.

வேறு நாடுகளிலும் இந்தப் பொருளின் வரலாறு காரத்தைத்தான் சுற்றிவருகிறது. அரபியில் அல்கலி என்றால் உப்புச் செடியை எரித்த சாம்பல். ஆங்கிலத்தின் ஆல்கலி அங்கிருந்து வந்தது. தூத்துக்குடி உப்பளங்களின் ஓரத்தில் தடித்த சிறு இலைகளோடு படர்ந்து கிடக்கும் உமரி, அவர்கள் எரித்த செடிகளின் இனத்தைச் சேர்ந்ததுதான். சோப்பு என்ற சொல்லின் மூலமான சபோ, கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி எழுதிய இயற்கை வரலாற்றில் வருகிறது. ஆட்டுக் கொழுப்பும் மரச்சாம்பலும் சேர்த்து, கால் (Gaul) என்ற இன்றைய பிரான்ஸ் பக்கத்து நாட்டவர் செய்தார்கள் என்கிறார், அதுவும் குளிப்பதற்காக அல்ல, தலைமுடியைச் சிவப்பாக்குவதற்காக. லத்தீனுக்கே அது ஜெர்மானிய மொழிகள் தந்த சொல். அங்கிருந்து ஒரு கிளை போர்த்துகீசிய சபாவ் ஆகிச் சிங்களத்தில் சபன் என்று இறங்கியது. ஆங்கிலத்தின் சோப் நமக்குச் சோப்பு ஆனது. சபன் வழங்கும் அதே தீவில் தமிழர்கள் சவர்க்காரம் என்றே சொல்லிவருவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

'சோப்பு' கெட்ட சொல் இல்லை. எழுதவும் பேசவும் எளிது, நானும் இந்தக் கட்டுரை முழுக்க எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்தச் சொல் நமக்கு எதையும் சொல்வதில்லை. சவர்க்காரம் தன் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது, செய்கிறவருக்கு அது ஓர் எச்சரிக்கையும்கூட. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எண்ணெயோடு சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, சேர்ந்தால் எண்ணெய் உடைந்து சோப்பும் கிளிசரினும் ஆகும். எவ்வளவு காரம் வேண்டும் என்பது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். 1 கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாக மாறச் சுமார் 183 கிராம் தேவை. 5 விழுக்காடு குறைத்து 174 கிராம் போட்டால் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சித் தோலுக்கு இதமாக இருக்கும். பழகிய புதிதில் ஒருநாள் தேங்காயெண்ணெய் தீர்ந்துபோக, அதே 174 கிராமை 1 கிலோ நல்லெண்ணெயில் போட்டுவிட்டேன். நல்லெண்ணெய்க்குச் சுமார் 134 கிராமே போதும். மீதி 40 கிராம் காரம் போக்கிடமில்லாமல் கட்டிக்குள் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் அச்சிலிருந்து எடுத்தால் சுண்ணாம்பு போல் வெளுத்து, கத்தி பட்டதும் உதிர்ந்தது. விரலால் தொட்டு நாவின் நுனியில் வைத்தேன். பேட்டரியின் முனையை நக்கியது போல் சுரீரென்றது. ஆச்சி இருந்திருந்தால் 'காரம் கூடிப்போச்சு' என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள், அந்த ஒரு வார்த்தையில் வேதியியல் முழுவதும் இருந்திருக்கும். அத்தனையையும் தூக்கி எறிந்தேன்.

அதனால்தான் வாங்க வருகிறவர்களிடம் இப்படிச் சொல்கிறேன்: காரம் சேர்க்காமல் சவர்க்காரம் இல்லை. சரியாக அளந்து செய்த சவர்க்காரத்தில் சேர்த்த காரம் காரமாக மிஞ்சி நிற்பதும் இல்லை, எண்ணெயோடு சேர்ந்து வேறு பொருளாகிவிடுகிறது. காரமே போடவில்லை என்று சொல்லி விற்பவர்கள் பெரும்பாலும் கடையில் வாங்கிய கிளிசரின் சோப்புக் கட்டியை உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் வார்க்கிறார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அவர்கள் கையால் போடவில்லைதான். ஆனால் அந்தக் கட்டியைச் செய்த ஆலையில் யாரோ போட்டிருக்கிறார்கள்.

பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நுரைக்கின்றனவே, அவற்றில் காரம் எங்கே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அவற்றின் நுரை சபோனின் என்ற இயற்கைப் பொருளால் வருவது. அழுக்கைப் போக்கும், ஆனால் சவர்க்காரம் ஆகாது. பூந்திக்கொட்டைக்குத் தாவரவியலார் வைத்த பேரினப் பெயர் சபின்டஸ், 'இந்திய சோப்பு' என்ற பொருளில். சபோனின் என்ற பெயரிலும் அதே சபோதான் இருக்கிறது. அங்கே நுரையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் காரத்தைப் பார்த்து வைத்தோம்.

இனி, தனித்தமிழ் என்ன என்ற கேள்வி. 'வழலை', 'வழலைக்கட்டி' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது புதிதாக அடித்த நாணயம் அல்ல. சித்தர் பாடல்களில் வழலை என்பது மறைபொருளாகப் பேசப்படும் ஓர் உப்பு. காலையில் பல் துலக்கும்போது தொண்டையிலிருந்து வழித்தெடுக்கும் கோழையையும் வழலை என்பார்கள். வழவழப்பு, வழுக்கல் என்ற சொற்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஈரக் கையிலிருந்து நழுவி ஓடும் கட்டிக்கு இது அழகாகப் பொருந்தும். இருந்தாலும் என் வாக்கு சவர்க்காரத்துக்கே. இலங்கையில் உயிரோடு புழங்கும் சொல், தமிழ்நாட்டிலும் பெரியவர்கள் வாயில் இருந்த சொல். அதை விட்டுவிட்டு விளக்கம் சொல்லிப் புரியவைக்க வேண்டிய சொல்லுக்குப் போவானேன்? வழலை என்று எழுதுகிறவர்களை நான் திருத்தவும் மாட்டேன்.

பாடநூல்களில் ஒரு குழப்பம் உண்டு, கவனித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அமிலத்துக்கு எதிரானது காரம், அவற்றில் நீரில் கரைவது எரிகாரம். இலங்கையில் அமிலத்துக்கு எதிரானது மூலம், நீரில் கரைவதுதான் காரம். இங்கே சோப்பாக்குதல் என்பதை அங்கே சவர்க்காரமாக்கல் என்கிறார்கள். இரு கரைகளின் புத்தகங்களையும் சேர்த்துப் படிக்கிறவர்கள் 'காரம்' வரும் இடத்தில் ஒரு நொடி நின்று படிப்பது நல்லது.

பட்டறைச் சொற்களையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காரத்தைத் தண்ணீரில் கரைத்ததற்குக் காரநீர் என்பதே போதும். காரத்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். கரையும்போதே சூடு சட்டென்று 80 பாகையைத் தாண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் கரையுங்கள், அலுமினியத்தைக் காரம் தின்றுவிடும். எண்ணெயும் காரநீரும் கலந்து கெட்டியாகும் கட்டத்தை எல்லோரும் 'ட்ரேஸ்' என்கிறார்கள். பாகுக்குக் கம்பிப் பதம் பார்க்கிற நாட்டில் இதற்கு இரவல் சொல் எதற்கு? கரண்டியைத் தூக்கினால் வழியும் கலவை மேலே கோடாக விழுந்து, அமிழ்ந்துபோகாமல் நிற்கும். 'கோடு நிற்கும் பதம்' என்று நான் சொல்கிறேன், கற்றுக்கொள்ள வருகிற பெண்கள் முதல் தடவையிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். வெட்டிய கட்டிகளை 4 முதல் 6 வாரம் காற்றில் வைப்பது ஆறப்போடுவது, அவ்வளவுதான்.

சவர்த் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி: மற்ற எண்ணெய்ச் சவர்க்காரங்கள் உப்புத் தண்ணீரில் திரிந்து நிற்கும்போதும் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் ஓரளவு நுரைக்கும். கடலோடிகளுக்கென்று செய்த சவர்க்காரங்களில் தேங்காயெண்ணெய் இருந்தது அதனால்தான்.

என் கட்டிகளைச் சுற்றும் தாளில் இப்போது இவ்வளவுதான் எழுதுகிறேன்: 'சவர்க்காரம். தேங்காயெண்ணெய், தண்ணீர், சோடியம் ஹைட்ராக்சைடு.' மூன்றாவதை ஏன் மறைக்காமல் போட்டிருக்கிறீர்கள் என்று போன மாதம் ஓர் அக்கா கேட்டார். மேலே இருக்கிற பெயரை மெதுவாகப் படித்துப் பாருங்கள் அக்கா என்றேன். சவர், காரம் என்று இரண்டாகப் பிரித்துப் படித்தார். பிறகு இரண்டு கட்டி எடுத்துக்கொண்டார்.